இரண்டாவது தகடு

தேர்வு அறைக்கு வெளியே போட்டிருந்த இரும்பு பெஞ்சில் நெல்டா துங்குல் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து ரொட்டியைப் பிட்டுத் தின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் தன் முறைக்காகக் காத்திருந்த இளைஞன் தண்ணீர் பாட்டிலைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தான்.

"உனக்கு மட்டும் எப்படிக்கா பசிக்குது?"

"வெறும் வயித்தோட பத்தவச்சா கை பறக்கும். இந்தா, நீயும் தின்னு."

மணிலாவுக்கு வடக்கே, கிளார்க் விமானத் தளத்தை ஒட்டிய அந்தப் பட்டறையில் விமான இயந்திரங்களின் உறைகளில் விழும் விரிசல்களைப் பற்றவைத்துச் சரிசெய்வார்கள். எவ்வளவு காலம் செய்தவராக இருந்தாலும் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை தேர்வுத் தகட்டைப் பற்றவைத்துக் காட்டியாக வேண்டும். தகட்டை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். முதல் தகடு தவறினால் இரண்டாவது ஒன்று உண்டு. அதுவும் தவறினால் வெல்டிங் கூடத்தில் கால் வைக்கக் கூடாது. புதியவர்களோடு அடிப்படை வகுப்பில் உட்கார்ந்துவிட்டுத்தான் மறுபடி தேர்வுக்கு வரலாம். வகுப்பு நாட்களுக்குச் சம்பளம் கிடையாது.

போன வாரம் ரூடிங்கின் இரண்டு தகடும் தவறிவிட்டன. நெல்டாவும் அவரும் பல வருடங்களாக ஒரே தடுப்புக்குள் முதுகோடு முதுகு ஒட்டி வேலை செய்தவர்கள். எக்ஸ்ரே முடிவைக் கேட்டுவிட்டு வெளியே வந்தவர் கையுறைகளைப் பைக்குள் திணித்துக்கொண்டே, "என் கை போச்சு தங்கச்சி. வயசாயிருச்சு, ஒத்துக்க வேண்டியதுதான்" என்றார். நெல்டாவுக்கு நம்ப முடியவில்லை. முந்தின நாள்தான் தாளைப் போல மெல்லிய உறை ஒன்றில் விரிசலை அடைத்திருந்தார். இருந்த இடமே தெரியவில்லை.

அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். உள்ளே போய்ச் சிலுவை போட்டுக்கொண்டு முகமூடியை இறக்கினாள். டைட்டானியம் தகடு. டார்ச்சின் முனையில் பொறி பிடித்தது. உலோகம் உருகிக் குளமாய்த் திரண்டு சொன்ன பேச்சைக் கேட்டு நகர்ந்தது. இரண்டு விரற்கடை போயிருக்கும். பின்னால் ஆறிக்கொண்டிருந்த கோட்டைப் பார்த்தாள். வெள்ளி போல மின்ன வேண்டியது வைக்கோல் நிறமாகி, நீலமாகி, ஊதாவாக ஓடியது. உருகும் இடத்தைக் காற்றுப் படாமல் மூடும் வாயுவில் காற்றோ ஈரமோ கலந்துவிட்டால் டைட்டானியம் இப்படிக் கறுக்கும், உள்ளே பொத்தலும் விழும். நெல்டா டார்ச்சை எடுத்துவிட்டு முகமூடியைத் தூக்கினாள்.

"ஏம்மா நிறுத்திட்ட?" என்றார் ஒக்காம்போ, வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர்.

"வாயு சரியில்ல சார். சிலிண்டர மாத்தணும்."

"கோடு முடியறதுக்குள்ள எடுத்தா தோல்வின்னுதான் எழுதணும். விதி அப்படி."

"எழுதிக்கங்க. இன்னொரு தகடு இருக்கில்ல."

"அது ஒண்ணுதான் இருக்கு."

"ஒண்ணு போதும் சார். சிலிண்டர் வர்ற வரைக்கும் இப்படி உக்காந்திருக்கேன்."

மேற்பார்வையாளர் லக்சமானா வேர்க்க விறுவிறுக்க வந்தார். "என்ன நெல்டா, இங்க வந்தும் உன் சட்டம்தானா? போன வாரம் பூரா இதே சிலிண்டர்லதான் தேர்வு நடந்துச்சு."

"எத்தன பேர் தேறுனாங்க சார்?"

ஒக்காம்போ தகட்டை விளக்கின்கீழ் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நானும் இந்த வேலை பாத்தவன்தான். மாத்திருங்க" என்றார் தாழ்ந்த குரலில்.

புது சிலிண்டர் வந்தது. இனித் தவறினால் அவளும் சம்பளமில்லாத வகுப்புக்குத்தான். அது தெரிந்தேதான் உட்கார்ந்தாள். இந்த முறை கோடு, இழைத்த வெள்ளிச் சங்கிலிபோல் முனை வரைக்கும் போய் நின்றது. மறுநாள் எக்ஸ்ரேயில் ஊசிமுனைப் புள்ளிகூட இல்லை.

தேர்ச்சிச் சீட்டை வாங்கியவள் நேராக லக்சமானாவின் மேஜைக்குப் போய், ஊதா பாய்ந்த முதல் தகட்டை அவர் முன்னால் வைத்தாள்.

"வாயு மோசம்னு சிலிண்டர் கம்பெனிக்காரனுக்கு நேத்தே எழுதியாச்சு. வேற சிலிண்டர் சும்மாவே தர்றான். வேறென்ன?" என்றார்.

"ரூடிங் அண்ணன் பத்தவச்சதும் அந்த வாயுலதான். அவர் தேர்வ ரத்து பண்ணணும்."

"அவர் தகட்டுல ஓட்டை இருந்துச்சு. எக்ஸ்ரே பொய் சொல்லுமா? சந்தேகம்னா உன்ன மாதிரி பாதியில நிறுத்தியிருக்கணும்."

"நிறுத்துனாலும் தோல்விதானே சார்."

"ஒக்காம்போ மணிலாவுக்குப் போயிட்டார். முடிவு மேல போயிருச்சு. நீ தேறிட்டல்ல, போய் வேலையப் பாரு."

அன்று சாயங்காலம் தகட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஜீப்னி வண்டி ஏறி மபலகாத்தில் ரூடிங்கின் வீட்டுக்குப் போனாள். ரூடிங் வாசலில் யாருடைய மின்விசிறியையோ பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். தகட்டை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். நிறத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது.

"என்னோடதும் இப்படித்தான் கறுத்துச்சு. கை மெதுவாப் போனாலும் சூடேறிக் கறுக்கும்ல, அதான்னு நெனச்சுக்கிட்டேன்." திடீரென்று சிரித்தவர், உள்ளே இருந்த மனைவிக்குக் குரல் கொடுத்தார். "அடியே செலிங், புளிக்குழம்ப அடுப்புல ஏத்து. என் கைக்கு ஒண்ணும் ஆகலையாம்."

"ரத்து பண்ண மாட்டேங்குறாங்கண்ணே."

"பண்ணாட்டிப் போறானுங்க. வகுப்புல உக்காந்துட்டு வர்றேன். என் எடத்துல வேற எவனையும் விட்டுறாத."

திங்கட்கிழமை காலை நெல்டா பயிற்சிக் கூடத்தைக் கடந்து போனாள். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம், பள்ளிக்கூடம் முடித்த கையோடு வந்த பிள்ளைகள் நீலச் சட்டையில் வரிசையாக நின்றிருந்தார்கள். கடைசியில் நின்ற ரூடிங்கின் நரைத்த தலை மட்டும் பளிச்சென்று தெரிந்தது. அவருக்கும் அதே நீலச் சட்டையைக் கொடுத்திருந்தார்கள். பொத்தான் வயிற்றில் எட்டவில்லை. பயிற்சியாளர் ஒரு முகமூடியை உயர்த்திப் பிடித்து, இதை எப்படிப் போட்டுக்கொள்வது என்று காட்டினார். எல்லோரும் அவரவர் முகமூடியைத் தூக்கினார்கள். தழும்பேறிய தன் கைகளால் ரூடிங்கும் தூக்கிக்கொண்டு, 'இறக்கு' என்ற சொல்லுக்காகக் காத்து நின்றார்.