சிவந்த கட்டங்கள்

எங்கள் உப்பளத்தில் ஒதுங்கக் கொட்டகை இல்லை. மதியச் சோற்றையும் வெயிலில் வரப்பில் உட்கார்ந்துதான் தின்கிறோம். கேட்டால் முதலாளி சக்கரபாணி, "வெயில் எந்த ஊர்லதாம்மா இல்ல?" என்பார். படமாகக் காட்டினால் மறுக்க முடியாது என்றாள், நூலகத்தில் கம்ப்யூட்டர் சொல்லித்தரும் வைஜெயந்தி.

நான் எழுத்துக் கூட்டக் கற்றதே நாற்பதைத் தாண்டித்தான். இப்போது 'ஆர்' என்றொரு மென்பொருள். கணக்கைக் கொடுத்தால் படம் போடுமாம். ஒரு கமாவை விட்டாலும் சிவப்பு எழுத்தில் திட்டியது. மேஸ்திரியாவது திட்டிவிட்டு வெற்றிலை போடப் போய்விடுவார். இது அங்கேயே நின்றது.

"ஏ அமராவதி, உப்பு வார்ற கையால பொட்டியத் தட்டுறியே, துரு புடிச்சிடப் போவுது!" என்றாள் கூட வேலை செய்யும் தையல்நாயகி. படத்துக்கு வேண்டிய கணக்குக்காக, வரப்பில் வைத்த வெப்பமானியைப் பார்த்து மணிக்கு மணி எனக்குச் சூடு சொன்னவளும் அவள்தான்.

ஒருவழியாகப் படம் வந்தது. மணிக்கு ஒரு கட்டம். வெயில் ஏற ஏறச் சிவப்பு. மேலே 'வெயில்' என்று தலைப்பு அடித்தேன். தமிழ் எழுத்து வராமல் வெறும் கட்டங்கள் வந்தன. சரிசெய்கிறேன் என்றாள் வைஜெயந்தி. எனக்குப் பொறுமையில்லை.

"பாத்தி மாதிரி நல்லாத்தாம்மா இருக்குது. பிரிண்ட் போடு."

படத்தைப் பார்த்ததும் முதலாளியின் முகம் மலர்ந்தது.

"அட, நம்ம பாத்தியா? தண்ணி இப்படிச் செவந்துடுச்சா!"

பாத்தித் தண்ணீர் முற்றினால் சிவக்கும். உப்பு விளையப் போகிறது என்று அர்த்தம். நிறம் கொடுத்தபோது அது என் புத்தியில் ஏறவில்லை.

"இல்லீங்க மொதலாளி, இது வெயிலுங்க."

"வெயில் அடிச்சாத்தானம்மா செவக்கும்? வா, நானே பாக்குறேன்."

உச்சி வேளையில் வரப்பில் இறங்கினார். முதல் பாத்தியில் தண்ணீர் வெளுப்பாகவே கிடந்தது.

"செவப்பு எங்கம்மா?"

"அந்தக் கடைசியில பாக்கலாங்க," என்று தையல்நாயகி அவரை உப்பளம் முழுக்க நடக்கவிட்டாள். பாதி வழியிலேயே துண்டைத் தலையில் போட்டுக்கொண்டார்.

"ஏம்மா, ஒதுங்க ஒரு நெழல்கூடவா இல்ல?"

"அதத்தாங்க படத்துல..." என்று நான் இழுத்தேன்.

தையல்நாயகி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"செவப்பு கேட்டீங்களே, உங்க மூஞ்சியிலதாங்க இருக்குது."

அடுத்த வாரமே கொட்டகை வந்துவிட்டது. நடுவில் அவருக்கு ஒரு நாற்காலி. அவர் வராத நாளில் எங்களுக்கு. படத்தையும் கொட்டகைக் காலில் மாட்டச் சொல்லிவிட்டார். வருகிறவர்களிடமெல்லாம் காட்டுகிறார்:

"நம்ம பாத்திதான். எப்படிச் செவந்திருக்குது பாரு!"