வண்டி உள்ள இருக்கு

அந்த வீட்டில் புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் நாலைந்து நாளாகப் பேச்சுவார்த்தை கிடையாது. காரணம் ஒரு கார் சாவி என்றால் சிரிப்பு வரும். அந்த வீட்டிலும் புருஷன் முதலில் சிரிக்கத்தான் செய்தான்.

புருஷன் ஒரு கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவன். தெருவில் எல்லோருக்கும் அவன் கண்ணாடிக்காரன். பழைய கார் ஒன்றை வாங்கி, வாங்கிய கையோடு அதற்கு ரிமோட் ஸ்டார்ட் பொருத்திக்கொண்டான். மாடி ஜன்னலில் நின்று சாவியிலுள்ள பொத்தானை அமுக்கினால், கீழே முற்றத்தில் நிற்கிற வண்டி தானாக உறுமும். அவன் குளித்துச் சாப்பிட்டு இறங்குவதற்குள் கண்ணாடியில் படிந்த பனி கரைந்து, சீட்டு கதகதப்பாக இருக்கும். காலைக் குளிரில் அதைவிடச் சுகம் வேறு இல்லை என்பான்.

பொருத்திக் கொடுத்த கடையில் ஒரு சின்னப் புத்தகமும் கொடுத்தார்கள். வண்டியைக் கண்ணால் பார்க்காமல் ஸ்டார்ட் செய்யாதே, மூடிய இடத்தில் ஓடவிடாதே, சாவியைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு உட்காராதே என்று முதல் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. ஊருக்கெல்லாம் படிக்கிற கண்ணாடி செய்து கொடுக்கிறவன் அதை மட்டும் படிக்கவில்லை. பத்து நிமிடத்தில் இன்ஜின் தானாக அணையும்படி வைத்திருந்ததையும், "அரை மணி நேரம் ஓடட்டும்பா" என்று சொல்லி மாற்றி வாங்கி வந்தான்.

சண்டை நடந்தது ஒரு விடுமுறை நாளில். மனைவி முற்றத்தில் காருக்கு முன்னால் குனிந்து விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இவன் உள்ளே நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தான். பின் பாக்கெட்டில் சாவி. வண்டி அவள் முகத்துக்கு நேராக உறுமியது. அவள் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர் ஓடி வந்துவிட்டார். இவன் விழுந்து விழுந்து சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

"இந்தச் சாவியால நீங்க ஒருநாள் யாரையாவது கொல்லப் போறீங்க. அன்னிக்குத் தெரியும்."

பக்கத்து வீட்டுக்காரர் முன்னால் அப்படிச் சொன்னது இவனுக்குச் சுருக்கென்று தைத்தது. இவனும் வாய்க்கு வந்ததைச் சொன்னான். அதோடு இருவரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள்.

பேச்சு நின்றதே தவிர, வீட்டில் சேதி நிற்கவில்லை. அதற்கு அக்கா இருந்தாள். கண்ணாடிக்காரனின் அக்கா ஆஸ்பத்திரியில் இரவு நர்ஸ். புருஷன் போனபிறகு தம்பி வீட்டோடு வந்து, கார் ஷெட்டுக்கு மேலே இருக்கிற அறையில் தங்கியிருந்தாள். பழைய பலகைத் தளம் போட்ட அறை. கீழே ஷெட்டில் யாராவது பெயின்ட் டப்பாவைத் திறந்தால் மேலே அவளுக்குத் தும்மல் வரும். நல்லவேளையாக ஷெட் முழுக்கத் தட்டுமுட்டுச் சாமான் அடைந்து கிடந்ததால் கார் எப்போதும் முற்றத்தில்தான் நின்றது.

இந்த வீட்டில் சண்டை வந்தால் இதுதான் வழக்கம். "அண்ணி, உங்க தம்பிகிட்ட காஸ் தீரப் போகுதுன்னு சொல்லிடுங்க" என்பாள் அவள். "அக்கா, சாயங்காலம் வர லேட்டாகும்னு அந்த அம்மாகிட்ட சொல்லிடு" என்பான் இவன். இருவரும் ஒரே சமையலறையில் நின்றுகொண்டுதான். அக்கா இருவரையும் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வாள்.

"ஏன்டா ரிமோட்டு, பொண்டாட்டிகூடப் பேசறதுக்கும் ஒரு பொத்தான் வச்சுக்கயேன். நான் எத்தனை நாள் நடுவுல நின்னு தபால் குடுக்கறது?"

கிண்டல் செய்வாளே ஒழிய, ஒரு சேதியையும் அவள் கொடுக்காமல் விட்டதில்லை. அந்த நம்பிக்கையில்தான் இருவரும் வீம்பு பிடித்தார்கள்.

அப்படியிருக்க ஒருநாள் சாயங்காலம் ஷெட்டில் சாமான் நகர்த்துகிற சத்தம் கேட்டது. மனைவி தனியாக மூச்சு வாங்க எதையோ இழுத்துக்கொண்டிருந்தாள். என்ன செய்கிறாள் என்று போய்ப் பார்க்க இவனுக்குக் கால் பரபரத்தது. ஆனால் போனால் பேச வேண்டிவரும். டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டான்.

மறுநாள் ஆலங்கட்டி மழை பெய்யும் என்று செய்தியில் சொல்லியிருந்தார்கள். விடிந்தும் விடியாத நேரத்தில் மனைவி வேலைக்குக் கிளம்பினாள். அவளுக்கு அடுத்த தெரு பேக்கரியில் கேக் அலங்கரிக்கும் வேலை, நடந்தே போய்விடுவாள். கிளம்புமுன் படுக்கையறை வாசலில் வந்து நின்றாள். இவன் விழித்துத்தான் இருந்தான். அவள் நிற்பது தெரிந்தும் கண்ணை இறுக மூடிக்கொண்டான். வந்து எழுப்பட்டுமே, அவளே முதலில் பேசட்டுமே என்று ஒரு கெத்து. அவள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு இறங்கிப் போனாள்.

கீழே அவள் செய்தது இது. மாற்றுச் சாவியால் காரை எடுத்து, தான் முந்தின நாள் காலி செய்துவைத்த ஷெட்டுக்குள் விட்டாள். ஷட்டரை அடிவரை இறக்கினாள். மழைத் தண்ணீர் உள்ளே வராமல் அடி இடுக்கில் கோணிப்பையைச் சுருட்டித் திணித்தாள். புருஷன் ஆசையாக வாங்கிய வண்டியில் ஒரு கல் விழக்கூடாது என்று அத்தனை பொறுப்பாகச் செய்தாள். சமாதானத்துக்கு அவளுக்குத் தெரிந்த வழி அதுதான்.

அதே நேரத்தில் அக்கா இரவு வேலை முடித்துக் கேட்டைத் திறந்து வந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"அண்ணி, வண்டி உள்ள இருக்கு. ஷட்டர் மூடியிருக்கு. அந்தப் பொத்தானை அமுக்க வேண்டாம்னு உங்க தம்பிகிட்ட மறக்காம சொல்லிடுங்க."

"நீ போம்மா, மழை வரதுக்குள்ள. நான் சொல்லிக்கறேன்."

அக்கா சொல்லத்தான் நினைத்தாள். எட்டிப் பார்த்தபோது தம்பி கண்ணை மூடிக் கிடந்தான். தூங்குகிற பிள்ளையை எழுப்புவானேன், எழுந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று தன் அறைக்குப் போனாள். ராத்திரி வார்டில் உட்காரக்கூட நேரமில்லை. குளிருக்கு ஜன்னலைச் சாத்தி, கதவைத் தாழ் போட்டு, கொஞ்சம் முதுகைச் சாய்ப்போம் என்று படுத்தாள். படுத்தவள் அப்படியே அசந்துவிட்டாள். சேதியும் அவளோடு தூங்கிப் போனது.

மழை பிடித்துக்கொண்டது. கண்ணாடிக்காரன் எழுந்தான், கொட்டாவி விட்டான், படுக்கையில் இருந்தபடியே பொத்தானை அமுக்கினான். ஜன்னலுக்குப் போய்ப் பார்க்கிற பழக்கம் முதல் வாரத்தோடு போயிருந்தது. சாவியில் பச்சை விளக்கு எரிந்தது. உறுமல் கேட்கவில்லை. தகரக் கூரையில் கல்மழை விழுகிற இரைச்சலில் எது கேட்கும் என்று நினைத்தான்.

குளித்தான். கடை முதலாளி போனில் பிடித்துக்கொண்டு ஏதோ வாடிக்கையாளர் விஷயமாக வளவளவென்று பேசினார். பேசி முடித்துப் பார்த்தால் பச்சை விளக்கு அணைந்திருந்தது. அரை மணி ஆகிவிட்டது போலிருக்கிறது, வண்டி ஆறிவிடுமே என்று மறுபடி அமுக்கினான். நிதானமாக உட்கார்ந்து ரொட்டி தின்றான். ஷெட்டுக்கு மேலே அக்கா புரண்டு படுத்திருப்பாளோ, தலை வலிக்கிறது என்று நினைத்திருப்பாளோ, யாருக்குத் தெரியும்.

குடையோடு இறங்கினவன் படியிலேயே நின்றுவிட்டான். முற்றத்தில் வண்டி இல்லை.

திருடன்! பூட்டைத் திறக்கவும் வேண்டாம், சாவியும் வேண்டாம், இன்ஜினை இவனே ஓடவிட்டுக் கொடுத்திருக்கிறான். வாசலுக்கு ஓடித் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தான். மழையைத் தவிர ஒன்றுமில்லை.

மனைவிக்குப் போன் பண்ண எடுத்தான். எடுத்த கை நின்றது. "நான் அப்பவே சொன்னேனே" என்று ஆரம்பிப்பாள். அதைக் கேட்பதற்குப் பதில் அக்காவிடம் சொல்லிச் சொல்லச் சொல்லலாம் என்று அவளைக் கூப்பிட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. பாவம், ராத்திரியெல்லாம் கண் விழித்தவள், தூங்கட்டும் என்று போனை வைத்தான். அவளுக்கு அவன் செய்த கடைசிக் கெடுதல் அந்தக் கரிசனம்.

போலீஸ் ஸ்டேஷனைப் பார்த்து நடந்தான். தெருமுனை தாண்டும்போது, அங்கே வண்டி நம்பரோடு மாற்றுச் சாவி எங்கே என்றும் கேட்பார்களே என்று தோன்றியது. மாற்றுச் சாவி அவளிடம். வேறு வழியில்லாமல் வீம்பை விழுங்கிக்கொண்டு போன் போட்டான்.

"வண்டியைக் காணோம்." அத்தனை நாளுக்குப் பிறகு அவன் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"காணோமா? நான்தானே ஷெட்டுக்குள்ள விட்டேன். அண்ணி சொல்லலையா?"

அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மழையில் நின்று பைத்தியம் மாதிரிச் சிரித்தான். "அட, உள்ளயா இருக்கு! நான் திருட்டுப் போச்சுன்னு..."

அவள் குரல் ரொம்பச் சின்னதாக வந்தது.

"என்னங்க. நீங்க பொத்தானை அமுக்கினீங்களா?"

அவன் குடையைப் போட்டுவிட்டு ஓடினான்.

ஓடிக்கொண்டே சாவியைப் பிடுங்கி எடுத்தான். கட்டைவிரலைப் பொத்தானில் வைத்தான். ஸ்டார்ட் செய்வதும் அணைப்பதும் அந்த ஒரே பொத்தான். இப்போது அமுக்கினால் அணையுமா, ஏற்கெனவே அணைந்ததை மறுபடி ஓடவிடுமா? சாவி முழுக்கத் தண்ணீர், விளக்கு எரிகிறதா என்றே தெரியவில்லை. இத்தனை நாளாக விளையாட்டுச் சாமான் மாதிரி அமுக்கித் தள்ளியவன், அமுக்கப் பயந்து வெறுமனே ஓடினான்.

ஷட்டரில் காதை வைத்தபோது உள்ளே இன்ஜின் அமைதியாக ஓடிக்கொண்டிருந்தது. பொத்தானை அமுக்கினான், நின்றது. கோணிப்பையை உதைத்துத் தள்ளி ஷட்டரைத் தூக்கினான். சூடான காற்று முகத்தில் அடித்தது. நின்று பார்க்கவில்லை, மாடிப்படி ஏறினான்.

"அக்கா! அக்கா, கதவைத் திற!"

தாழ்ப்பாள் பெயர்ந்து வர அவன் தோளால் எத்தனை தடவை மோதினானோ அவனுக்கே தெரியாது. உள்ளே அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். கன்னம் இரண்டும் சிவந்து, நன்றாகச் சாப்பிட்டுத் தூங்குகிற சின்னப்பெண் மாதிரி இருந்தாள். ராத்திரி வேலையில் எப்போதும் வெளுத்துக் கிடக்கிற முகத்தில் அந்தச் சிவப்பைப் பார்த்துத்தான் அவன் ஓவென்று கத்தினான். கக்கத்தில் கை கொடுத்து இழுத்துவந்து வெளிப்படிக்கட்டில் மழையிலேயே கிடத்தினான். கல் அவள் முகத்தில் விழாமல் தன் முதுகைக் கொடுத்து மூடிக்கொண்டான். ஏப்ரன் முழுக்க க்ரீமும் மழையுமாக மனைவி ஓடி வந்தபோது அவன் அப்படித்தான் இருந்தான். ஆம்புலன்சுக்கு அவள் வழியிலேயே சொல்லியிருந்தாள்.

அக்கா வேலை பார்க்கிற ஆஸ்பத்திரிக்கே கொண்டு போனார்கள். ராத்திரி அவளோடு டியூட்டி பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனவர்கள் திரும்பி வந்து நின்றார்கள். வண்டிப் புகையில் இருக்கிற கார்பன் மோனாக்சைடு என்றார் டாக்டர், கன்னம் சிவந்ததும் அந்த விஷத்தால்தான், அதற்கு வாசனை கிடையாது, தூங்குகிறவர்களுக்கு எதுவும் தெரியாது. உயிருக்கு இனிமேல் பயமில்லை. மற்றதை முழித்தபிறகுதான் பார்க்க வேண்டும். மற்றது என்றால் என்ன என்று கேட்க இருவருக்குமே தைரியம் வரவில்லை.

சாயங்காலம் அக்கா கண் திறந்தாள். மூக்கில் ஆக்சிஜன் மாஸ்க். தம்பியை அடையாளம் தெரிந்தது, முகம் மலர்ந்தது. மாஸ்க்கை விலக்கி ஏதோ சொல்ல வந்தாள். அவன் காதைக் கிட்டே கொண்டு போனான்.

"டேய் ரிமோட்டு. வண்டி உள்ள இருக்கு. பொத்தானை அமுக்காதேன்னு உன் பொண்டாட்டி சொல்லச் சொன்னா."

அவன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். மனைவி அவன் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அழுகைக்கு நடுவே அவளுக்குச் சிரிப்பும் வந்தது. "சொல்லிட்டீங்க அண்ணி, சரியா சொல்லிட்டீங்க" என்றாள். அக்கா திருப்தியாகக் கண்ணை மூடிக்கொண்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து விழித்தாள். தம்பியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"டேய் ரிமோட்டு. வண்டி உள்ள இருக்கு. உன் பொண்டாட்டி சொல்லச் சொன்னா."

"சொன்னியே அக்கா. இப்பதானே சொன்னே."

"எப்ப சொன்னேன்? நீ தூங்கிட்டு இருந்தியே." அவள் நெற்றியைச் சுருக்கி அவனையே பார்த்தாள். எதையோ தேடுகிற பார்வை. நர்ஸ் தோழி ஒருத்தி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். "எழுந்ததும் சொல்லணும்னு நினைச்சேன்டா. மறந்துடக் கூடாது."

மூன்றாம் முறையும் சொன்னாள். நாலாம் முறை சொன்னபோது ஜன்னலுக்கு வெளியே மழை விட்டிருந்தது. கண்ணாடிக்காரன் சாவியை மனைவியின் கையில் வைத்தான். நேராக அவள் முகத்தைப் பார்த்து, "இனிமே நீயே வச்சுக்க" என்றான். அவள் வாங்கிக்கொண்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"டேய் ரிமோட்டு" என்றாள் அக்கா.

"சொல்லு அக்கா."

"வண்டி உள்ள இருக்கு."

"சரி அக்கா," என்றான், அப்போதுதான் முதல் தடவை கேட்பதுபோல. "அமுக்க மாட்டேன்."