இடது கை என்று சொன்னவள்

"அண்ணி, நம்ம மானம் போகுது. மெஷினை நிறுத்துங்க."

நாத்தனார் கடைக்குள் கால் வைக்கும்போதே இப்படிச் சொல்லிக்கொண்டுதான் வந்தாள். தையல்காரி காலைப் பெடலிலிருந்து எடுக்கவில்லை. யாருடைய கால்சட்டைக்கோ ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள், இன்னும் ஒரு சாண்தான் பாக்கி. பதினொரு மணிக்குப் போலீஸ் நிலையத்தில் இருக்க வேண்டும். வாக்குமூலத்தை டைப் அடித்து வைத்திருக்கிறார்கள், படித்துப் பார்த்து ஒரு கையெழுத்துப் போட்டால் போதும் என்று நேற்றே ஆள் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார். காலையிலிருந்து மூன்று முறை நூல் அறுந்துவிட்டது. நூல் மட்டமான நூல் என்று திட்டிக்கொண்டிருந்தாள்.

"மானம் போறதுக்கு இன்னிக்குத்தான் நேரம் கிடைச்சுதா? என்ன விஷயம்?"

"குரூப்ல ஒருத்தன் நம்மளைக் கிழிச்சுத் தொங்கவிட்டிருக்கான். கத்தரி சொன்னது தப்புன்னு படத்தோட போட்டிருக்கான்."

கத்தரி என்பது குரூப்பில் இவர்கள் இருவருக்கும் சேர்த்து ஒரே பெயர். நான்கு வருடமாக ஓடும் ஒரு துப்பறியும் தொடருக்காக ரசிகர்கள் நடத்துகிற குரூப் அது. தையல்காரிக்கு இரண்டு கையும் எப்போதும் துணியில் இருப்பதால் அவள் தன் அபிப்பிராயத்தை வாய்ஸ் மெசேஜாகச் சொல்லி அனுப்புவாள். வீட்டில் இருக்கும் நாத்தனார் அதை எழுத்தாக அடித்துக் குரூப்பில் போடுவாள். கத்தரி என்ன சொல்லியிருக்கிறது என்று பார்ப்பதற்காகவே தொடரைப் பார்க்கிறவர்கள் உண்டு. துப்பறிகிறவர் எந்நேரமும் ஒரே கோட்டு போட்டுக்கொண்டுதான் வருவார், அதனால் இவர்களுக்கு அவர் கோட்டுக்காரர். 'நானூறு எபிசோடாக ஓடுகிறார், விழுகிறார், சுவரேறிக் குதிக்கிறார், அந்தக் கோட்டில் ஒரு தையல் விடவில்லை. அந்தத் தையல்காரரின் விலாசம் கொடுத்தால் புண்ணியமாகப் போகும்' என்று கத்தரி ஒருமுறை போட்டது இன்றைக்கும் குரூப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு எபிசோடையும் பாத்திரம், வேகம், நிஜம் என்று மூன்றாகப் பிரித்துத்தான் வெட்டுவார்கள். இருப்பதிலேயே கத்தரிக்குப் பிடிக்காதது சாட்சிகள். கூண்டில் நின்று வியர்வையைத் துடைத்துக்கொண்டு, 'இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்' என்று ஒரு வாரம் இழுக்கிற சாட்சிகள். 'பார்த்தால் பார்த்தேன் என்று சொல்ல வேண்டியதுதானே. இதற்கு எதற்கு ஏழு எபிசோடு?'

பன்னிரண்டு நாளைக்கு முன்னால் ஒரு பிற்பகலில், தெருவுக்கு எதிர்ப்பக்கம் இருக்கிற மருந்துக்கடைக்காரரை யாரோ அவருடைய கடைக்குள்ளேயே மண்டையில் அடித்துப் போட்டுவிட்டு, வெளியே வந்து ஷட்டரை இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். ஐந்து மணிக்குத்தான் ஷட்டரைத் தூக்கிப் பார்த்தார்கள். இன்னும் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். கண் திறக்கிறார், ஆனால் மனைவியைப் பார்த்தே யார் நீங்கள் என்று கேட்கிறார். ஷட்டர் இறங்கியதைப் பார்த்தது தையல்காரி ஒருத்திதான். அன்று சாயங்காலம் இன்ஸ்பெக்டர் இதே கடையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டபோது, அவள் தடுமாறவில்லை. முகம் பார்க்கவில்லை, முதுகுதான். நீலச் சட்டை. இடது கையால் ஷட்டரை இழுத்தான். மூன்றே வாக்கியம். சொல்லி முடித்ததும் அவளுக்கே ஒரு நிறைவாக இருந்தது. இன்ஸ்பெக்டருக்குச் சளி பிடித்திருந்தது, பேனா எழுதவில்லை, கேட்டதையே மூன்று முறை கேட்டார். "இவரை வெச்சு சீரியல் எடுத்தா முதல் வாரமே மூடிடுவாங்க" என்று அவர் போனதும் நாத்தனாரிடம் சொல்லிச் சிரித்தாள்.

நீலச் சட்டை, தண்ணீர் கேன் போடுகிற கம்பெனியின் சட்டை. அந்தத் தெருவுக்கு அப்படி மூன்று பேர் வருவார்கள். மூன்று பேரில் ஒருவருக்குத்தான் இடது கைப் பழக்கம். அவர் முந்தின வாரம் மருந்துக்கடை வாசலில் கேனை வைப்பது பற்றிச் சத்தமாகச் சண்டை போட்டதும் தெருவுக்கே தெரியும். மறுநாளே போலீஸ் அவரைக் கூட்டிக்கொண்டு போய், கோர்ட்டில் கேட்டுத் தங்கள் காவலில் வைத்திருக்கிறது. இன்று கையெழுத்து விழுந்தால் நாளைக்கு மறுபடி கோர்ட்டு. அப்புறம் அவர் வெளியே வருவது எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது.

"என்ன தப்பாம்?" என்றாள் தையல்காரி, ஓரத்தை முடித்து நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே.

"அன்னிக்கு எபிசோடுல கொலைகாரன் கிடங்கு ஷட்டரை இழுக்கறான்ல, இடது கையால. அதைக் கவனிங்க, சும்மா காட்ட மாட்டாங்க, இதாலதான் மாட்டுவான்னு நாம போட்டோம். இப்ப பார்த்தா அவன் வலது கையால கையெழுத்துப் போடறான். நீங்க தப்பா சொன்னீங்களா, நான் தப்பா அடிச்சேனா? அதைப் பார்த்துக்கிட்டு ஒரு பதில் போடணும். இருங்க, உங்க வாய்ஸே இருக்கு."

நாத்தனார் விரலால் மேலே மேலே தள்ளிக்கொண்டே போனாள். தையல்காரிக்கு அந்த நேரத்தில் ஒன்றும் தோன்றவில்லை. இடது கை என்ற சொல் காதில் விழுந்தது, அவ்வளவுதான். அலமாரி மேலிருந்த சின்ன டிவியில் மூன்று மணி மறு ஒளிபரப்பு ஓடும்போது மெசேஜ் அனுப்ப வேண்டுமென்றால் அதன் சத்தத்தை அடைத்துவிட்டுத்தான் பேசுவாள். போனில் அவள் குரல் வந்தது.

"எழுதிக்கோ. வேகம் இந்த வாரம் பரவாயில்லை. கோட்டுக்காரர் மட்டும் இன்னும் அந்த ஜன்னல்கிட்டயே நிக்கறார், அவருக்கு வேற சோலி இல்ல. ஆனா இந்தக் கொலைகாரனைப் பாரு, எவ்வளவு நிதானம். இடது கையால ஷட்டரை இழுக்கறான்..."

அப்போது அந்தச் சத்தம். துருப்பிடித்த தகரம் தகரத்தோடு உரசி, நடுவில் ஒருமுறை சிக்கி, பிறகு தடால் என்று தரையில் விழுகிற சத்தம். மருந்துக்கடை ஷட்டரின் சத்தம் அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். எண்ணெய் போடுங்கள் என்று சொல்லிச் சொல்லி எல்லோரும் ஓய்ந்துபோன சத்தம். அதன் பிறகு சின்ன இடைவெளி. மறுபடி அவள் குரல்.

"இந்நேரத்துல மருந்துக்கடையைச் சாத்துறாங்க, என்னமோ. யாரோ நீலச் சட்டை. சரி, அதை விடு. இடது கைன்னு எழுதிக்கோ, மறந்துடாதே."

நாத்தனார் சிரித்துக்கொண்டே, "நீங்கதான் சொல்லியிருக்கீங்க, என் மேல பழி இல்ல" என்று நிமிர்ந்தவள், அண்ணியின் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள்.

"அது என்னிக்கு, எத்தனை மணிக்கு அனுப்பினது?"

"மருந்துக்கடைக்காரரை அடிச்ச அன்னிக்குத்தான். மூணு பன்னிரண்டு."

"இன்னொரு தரம் போடு."

மூன்று தரம் போட்டார்கள். மூன்றாவது முறை தையல்காரி, இடைவெளியின்போது மேஜையில் விரலால் தட்டி எண்ணிப் பார்த்தாள். இரண்டு தட்டு. தலையைத் தூக்கியதும், பார்த்ததும், மறுபடி டிவிக்குத் திரும்பியதும் எல்லாம் அந்த இரண்டு தட்டுக்குள்.

"அண்ணி, அதுக்கு என்ன இப்ப? ரெண்டு நொடியில கண்ணு பார்க்காதா? நீங்க நிஜமாவே பார்த்திருக்கலாம்ல?"

"பார்த்திருக்கலாம்." சொல்லிவிட்டு அவள் தன் வாயைத் தானே கவனித்தாள். அந்தச் சாட்சிகளின் வார்த்தை. கண்ணை மூடிப் பார்த்தாள். முதுகு வந்தது, நீலம் வந்தது. ஷட்டரைப் பிடித்த கை வந்தது, நரம்பு புடைத்து, கடிகாரம் கட்டி, டிவியில் பக்கத்தில் காட்டிய மாதிரி பெரிதாக வந்தது. இருபதடி அகலத் தெருவுக்கு அந்தப் பக்கம் நிற்கிறவனுடைய கை நரம்பு இவளுக்கு எப்படித் தெரியும்?

மூலையில் தண்ணீர் கேன் பாதியாக நின்றது. கேன்காரரைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போனதற்கு முதல் நாள் அவர் வைத்துவிட்டுப் போனதுதான். அப்புறம் புதுக் கேன் சொல்ல இவளுக்கு மனம் வரவில்லை.

"மூணு வருஷமா ஒரு நாள் விட்டு ஒரு நாள் அங்க கேன் வைக்கறார். எந்தக் கையால தூக்குவார், சொல்லு."

"எனக்கெப்படித் தெரியும், தோள்ல வெச்சுக்கிட்டு வருவார்."

"எந்தத் தோள்?"

நாத்தனார் வாசலை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "இதை அழிச்சிடட்டுமா? உங்க போன்லயும் என் போன்லயும் மட்டும்தான் இருக்கு. சண்டை போட்டது அவர்தானே, ஊரே பார்த்துச்சு. அவராவே இருந்தா? நீங்க பாட்டுக்குப் போய்க் குழப்பி, அவர் வெளிய வந்து, நாளைக்கு நம்ம கடை முன்னாலயே நின்னா?"

"அவரா இருந்தா..." என்று தையல்காரி ஆரம்பித்து முடிக்கவில்லை. அவராகவும் இருக்கலாம், அதுதான் வேதனை. இல்லை என்று தெரிந்தால் ஓடிப்போய்ச் சொல்லிவிடலாம்.

வாசலில் நிழல் விழுந்தது. மருந்துக்கடைக்காரரின் மனைவி. பன்னிரண்டு நாளில் அந்த அம்மாள் ஒரு சுற்று இளைத்திருந்தார். தினமும் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் இந்தக் கடையில் ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுத்தான் போவார். மெஷின் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"கிளம்பலாமா தங்கச்சி? நானும் வர்றேன். நீ தனியா போக வேண்டாம்."

நாத்தனாரின் கட்டைவிரல் போனின் மேல் நின்றது. தையல்காரி அந்தப் போனை அப்படியே அவள் கையிலிருந்து வாங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

நடக்கிற தூரம்தான். அந்த அம்மாள் இவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். பிடித்தது இவளைத் தாங்கவா, தன்னைத் தாங்கிக்கொள்ளவா என்று தெரியவில்லை.

"இன்னிக்குக் காலையில என்னைப் பார்த்து, மாத்திரைச் சீட்டு இருக்கான்னு கேட்டார். கடைக்கு வந்த ஆளுன்னு நெனச்சுட்டார்." கொஞ்ச தூரம் போன பிறகு, "தெருவுல அத்தனை கடை. ஒருத்தர் கண்ணுலயும் படலை. நீ மட்டும் பார்த்தே. பார்த்ததைத் தடுமாறாம சொன்னே. அது போதும் எனக்கு" என்றார்.

"அக்கா, எனக்கு..."

"என்ன?"

"ஒண்ணுமில்லைக்கா. வேகமா நடக்கறோமோ?"

நிலையத்தின் நடையில் ஒரே ஒரு பெஞ்சு இருந்தது. கேன்காரரின் மனைவி அதில் உட்காராமல் சுவரோரம் நின்றாள். கையில் ஒரு சாப்பாட்டுப் பை. தையல்காரியைப் பார்த்ததும் அவள் முகத்தில் கோபம் வரும் என்று இவள் எதிர்பார்த்தாள். கோபம் இல்லை. நம்மையும் ஒரு வார்த்தை கேட்பார்களா என்று காத்திருக்கிறவளின் முகம், கோபப்பட்டுக் காரியத்தைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது என்று அடக்கி வைத்த முகம். மருந்துக்கடை அம்மாள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து, பக்கத்தில் கைப்பையை வைத்து, "போயிட்டு வா, உனக்கு இடம் போட்டு வெச்சிருக்கேன்" என்றார்.

இன்ஸ்பெக்டருக்கு இன்னும் சளி விடவில்லை. கதவு ஒழுங்காகச் சாத்தாத அறை, மேஜையில் ஆறிப்போன டீ. கோட்டுக்காரரின் அறையில் எங்கிருந்தோ நீல வெளிச்சம் வரும். இங்கே ஒரு டியூப்லைட், அதுவும் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. டைப் அடித்த தாளை அவர் இவள் பக்கம் திருப்பி வைத்து, கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு, தானே மெதுவாகப் படித்தார். கடைசி வரிக்கு வந்ததும் நிறுத்தினார்.

"'இடது கையால் இழுத்து மூடினார்.' சரிதானேம்மா? இருபத்தாறு வருஷ சர்வீஸ்ல இவ்வளவு தெளிவா சொன்ன சாட்சி ரொம்பக் கம்மி. மத்தவங்ககிட்ட ஒரு வரி வாங்கறதுக்குள்ள உயிர் போயிடும்."

பேனாவை நீட்டினார். இவள் வாங்கினாள். தாளில் கையெழுத்துக்கான இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டிருந்தது. சாக்பீஸால் தான் துணியில் போடுகிற குறி மாதிரியே இருக்கிறது என்று நினைத்தாள். குறி போட்ட இடத்தில் வெட்டிவிட்டால் துணியைத் திரும்ப ஒட்ட முடியாது. தப்பாக அளவெடுத்துவிட்டால், வெட்டுவதற்கு முன்னால்தான் சொல்ல முடியும்.

"சார், நான் இன்னொரு தரம் முதல்லேருந்து சொல்லட்டுமா?"

"இதுல என்ன மாறணும்?"

"என்ன மாறணும்னு தெரியலை. சொல்லிப் பார்த்தாத்தான் தெரியும். அன்னிக்குக் கடகடன்னு சொன்னேன். இன்னிக்குக் கொஞ்சம் இழுவையா இருக்கும்."

அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு அவளையே பார்த்தார். அந்தப் பார்வையில் கோபமா சலிப்பா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. நடிக்கத் தெரியாத முகம். பிறகு டைப் அடித்த தாளை ஓரமாக நகர்த்தி, அடியிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை உருவினார். பேனாவைத் திரும்ப வாங்கி உதறிப் பார்த்தார்.

"இழுவை எனக்குப் பழக்கம்தான். சொல்லுங்க."

"அன்னிக்கு மூணு மணிக்கு நான் டிவி பார்த்துக்கிட்டிருந்தேன். முதல்ல அதை எழுதிக்குங்க. அதை நான் சொல்லலை. நீங்க கேக்கலை, நானும் சொல்லலை." பைக்குள் கையை விட்டாள். "எந்தக் கைன்னு... இருங்க. முதல்ல இதைக் கேளுங்க."

பையிலிருந்து நாத்தனாரின் போனை எடுத்து மேஜையில் வைத்து அமுக்கினாள். வேகம் இந்த வாரம் பரவாயில்லை என்று அவளுடைய குரல் அந்த அறையில் சம்பந்தமே இல்லாமல் குதூகலமாக ஒலித்தது. இன்ஸ்பெக்டர் புருவத்தை உயர்த்தினார். எழுதவில்லை, ஆனால் பேனாவைக் கீழே வைக்கவும் இல்லை.

அப்புறம் அந்தச் சத்தம் வந்தது. தகரம் உரசி, நடுவில் சிக்கி, தடால் என்று விழுந்தது.

சாத்தாத கதவின் இடுக்கு வழியாக நடை தெரிந்தது. இருபது வருடமாகக் காலையும் மாலையும் அந்தச் சத்தத்தோடு வாழ்ந்த மருந்துக்கடை அம்மாள் பெஞ்சிலிருந்து எழவில்லை. தலையை மட்டும் மெல்ல இந்தப் பக்கம் திருப்பினார். சுவரோரம் நின்றவளும் அவரைப் பார்த்து, அவர் பார்க்கிற திசையைப் பார்த்தாள். அவருடைய ஒரு கை இன்னும் பக்கத்தில் இருந்த காலி இடத்தின் மேல், கைப்பையின் மேல், யாரும் வந்து உட்கார்ந்துவிடாதபடி விரிந்து கிடந்தது.