மோட்டார் பெட்டிக்கு ஒரு இமேஜ்

ஆறு மணிக்கு எழுந்தேன். பல் துலக்கினேன். பால் பாக்கெட்டை வெட்டி ஒரு டம்ளருக்கு மட்டும் காய்ச்சினேன். மிச்சத்தை ஃபிரிட்ஜில் வைத்தேன். நேற்றைய மிச்சம் அங்கே இருந்தது. அதைக் கொட்டினேன். குளித்துவிட்டுக் கணினியைத் திறந்தேன்.

என் வேலை இமேஜ் தயாரிப்பது. சின்னக் கணினிப் பலகை ஒன்று கரண்ட் வந்ததும் எழுந்து ஓடத் தேவையான இயங்குதளத்தை ஒரே கோப்பாகக் கட்டித் தர வேண்டும். ஒரு வகை பிராசஸருக்குக் கட்டியது இன்னொரு வகையில் ஓடாது. இன்டெலுக்குத் தனி, ஆர்முக்குத் தனி, ரிஸ்க்-ஃபைவுக்குத் தனி.

ஒன்பதரைக்கு மாமனார் ரெத்தினம் கீழ்வேளூரிலிருந்து வந்தார். உரச்சாக்கில் சுற்றிய வயல் மோட்டார் பெட்டியை மேசைமேல் வைத்தார். என் மனைவி சுடர்விழி செய்தது. அதன் எண்ணுக்குப் போன் செய்தால் மோட்டார் ஓடுகிறதா, கரண்ட் இருக்கிறதா என்று அவள் குரலில் சொல்லும். அவள் இறந்து ஏழு மாதம் ஆகிறது.

"முந்தாநாள் இடி இடிச்சுது மாப்ள. அதுலேருந்து ரிங்கே போவல."

"தண்ணிக்கு என்ன பண்றீங்க மாமா?"

"போய் சுவிட்சப் போட்டா ஓடுது. மோட்டார யாரு கேட்டா?" சிரிக்கப் பார்த்தார். "தெனம் சாயந்தரம் நான் ஒரு போனு, ஒங்க அத்த அம்சம் ஒரு போனு. வயலு அறுத்துக் கெடக்கையில கூட. 'மோட்டார் என்ன ஓடிப்போயிடுமா'ன்னு நான் அவளத் திட்டுவேன், அவ என்னயத் திட்டுவா."

வேறு எங்கும் அந்தக் குரல் இல்லை. கல்யாண வீடியோவில் நாகசுரம்தான் கேட்கும். அவளுடைய மடிக்கணினி அலுவலகத்துடையது, வாங்கி அழித்துவிட்டார்கள். வாய்ஸ் மெசேஜ் அனுப்பும் பழக்கமும் அவளுக்கு இல்லை.

பெட்டியைத் திறந்தேன். ரிஸ்க்-ஃபைவ் பலகை. ஒயரை மாட்டிப் பார்த்தேன். உள் நினைவகத்தில் பலகையை எழுப்பும் பூட் பகுதி மட்டும் கெட்டிருந்தது. மெமரி கார்டில் வேறொரு இமேஜ் போட்டு அதிலிருந்து எழுப்பினால் ஒலிக் கோப்புகளை வெளியே எடுத்துவிடலாம்.

அலுவலகத்தில் வழக்கமாகப் பயன்படுத்தும் செய்முறையையே எடுத்தேன். பிராசஸர் பெயரை மட்டும் மாற்றினேன். கட்டி முடிக்க நாற்பது நிமிடம். கார்டைச் செருகினேன். முதல் தடவையிலேயே எழுந்தது.

"பொழச்சுக்கிச்சா?"

திரையைப் படித்தேன். எங்கள் இமேஜ்கள் புதுப் பலகைகளுக்கானவை. எழுந்ததும் யாரையும் கேட்காமல் உள் நினைவகத்தை முழுக்க அழித்து, தம்மை அங்கே எழுதிக்கொள்ளும். கேட்க வேண்டாம் என்று அமைத்ததே நான்தான். அதை நிறுத்த ஒரு வரி போதும். போடவில்லை. அழிக்க ஒரு விநாடிகூட ஆகாது.

"பெட்டி ஓடுது மாமா. குரல் போயிடுச்சு. நான்தான் அழிச்சிட்டேன்."

அவர் போனை எடுத்து எண்ணை அழுத்தினார். மணி போயிற்று. எடுக்க எதுவும் இல்லை. தானாக நிற்கும்வரை காதிலேயே வைத்திருந்தார்.

"வேற எதுலயாவது இருக்குமா?"

"இல்ல மாமா."

சாக்கை மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார்.

"ஆசுபத்திரில நீங்கதான கூட இருந்தீங்க. கடைசியா என்ன சொல்லுச்சு எம்பொண்ணு?"

இதை யாரும் கேட்டதில்லை. மூச்சு வாங்குகிறதே என்று நான் எழுந்தபோது அவள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு சொன்னதைச் சொன்னேன்.

"நர்ஸக் கூப்பிடாதீங்க. பாவம், இப்பத்தான் சாப்பிட உக்காந்தாங்க."