இடப்பக்கச் சீட்டு

காரின் இடப்பக்கக் கதவைத் திறந்து உட்காரப் போன ஜானட் பாதியில் நின்றுவிட்டாள். சீட்டைக் காணோம். வெறும் தகடும் நான்கு போல்ட் ஓட்டைகளும்தான் இருந்தன. பின் சீட்டும் இல்லை. டிரைவர் சீட்டு மட்டும் மாப்பிள்ளை முறுக்கோடு தனியாக நின்றது.

முன்னால் சவ வண்டியில் அவள் கணவர் சவரிநாதன் பெட்டியோடு ஏறியாகிவிட்டது. துறைமுகத்தில் ஆமை வேகத்தில் கிரேன் ஓட்டிச் சம்பளம் வாங்கிய மனுஷன். ஐம்பதுக்கு மேல் வேகப் பித்து பிடித்து, வீட்டுப் பழைய மாருதியை மெக்கானிக் நெல்சன் ஷெட்டில் போட்டு, கார் பந்தயத்துக்காக இஞ்சினைப் பிரித்துப் பிரித்து மாட்டிக்கொண்டிருந்தார். நேற்றுக் காலை பானட்டுக்குள் குனிந்தவர் நிமிரவில்லை. மாரடைப்பு. ராயபுரத்தில் எங்கள் தெருவுக்கே பந்தய விஷயம் தெரியும். ஜானட்டிடம் மட்டும் ‘சர்வீஸ்’ என்று சொல்லியிருந்தார்.

முட்டிவலிக்காரி, ஆட்டோவில் வா என்றார்கள். அவர் காரில்தான் கல்லறைக்குப் போவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். நெல்சன் ஷெட்டிலிருந்து அதைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தான்.

“நெல்சனு, என் சீட்டு எங்கடா?”

“அண்ணன் கழட்டிட்டாரு அண்ணி. வெயிட்டு கொறைக்கணும்னு.”

“நான் வெயிட்டா?”

“சீட்டுதான் அண்ணி வெயிட்டு.” அது பதிலாக நெல்சனுக்கே படவில்லை.

எதிர்வீட்டுச் சிலுவையம்மாள் ஜெபமாலையில் ஒரு மணியைத் தள்ளிவிட்டு, தெருக்கோடிக்குக் கேட்கும்படி ரகசியம் சொன்னாள்: “பொண்டாட்டி சீட்ட எவனாச்சும் கழட்டுவானா? இதுல இன்னாவோ கீது.”

ஜானட் புடவையை இடுக்கிக்கொண்டு தகட்டிலேயே உட்கார்ந்தாள். வெளியிலிருந்து பார்த்தால் கொண்டை மட்டும் தெரிந்தது.

நெல்சன் சாவியைத் திருகினான். தெரு அதிர்ந்தது, சவ வண்டியருகே நின்ற பங்குச் சாமியார் ஜெபத்தில் ஒரு வரியைத் தவறவிட்டார். கார் நடுங்கி, துள்ளி, சவ வண்டியின் மாலையை முட்டப் பார்த்து அணைந்தது. மறுபடி கிளப்பினான். மறுபடி துள்ளல்.

“மெதுவா போடா!”

“மெதுவா போவாது அண்ணி. இஞ்சின அப்டி மாத்திட்டாரு. வேகத்துலதான் மூச்சு வுடும். ஊர்ந்தா இருமிக்கினே அணஞ்சிடும்.”

“அப்ப அவரு பின்னாடி நான் எப்டிடா போறது?”

சவ வண்டி நகர ஆரம்பித்திருந்தது. வேறு வழியில்லாமல் தெருவே இறங்கிக் காரைத் தள்ளியது. சிலுவையம்மாளும் ஜெபமாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு டிக்கியில் கை வைத்தாள்.

“யம்மாடி, பஞ்சாட்டம் போவுதே!”

“பின்ன? அண்ணன் கைவேலை,” என்றான் நெல்சன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி. உடனே நாக்கைக் கடித்துக்கொண்டான்.

ஜானட் நிமிரவில்லை. “சீட்ட வித்துட்டாரா?”

“இல்ல அண்ணி. ஷெட்டுலதான் கீது. பிளாஸ்டிக் கவர் போட்டு வெச்சிகீறாரு.”

“திரும்ப மாட்டறதுக்கா?”

“அத நான் கேக்கல அண்ணி.”

அவள் குனிந்து போல்ட் ஓட்டை வழியாகப் பார்த்தாள். கீழே ரோடு ஊர்ந்துகொண்டிருந்தது. சவ வண்டியிலிருந்து உதிர்ந்த ரோஜா இதழ்கள் ஒவ்வொன்றாக வந்து, நின்று, போயின.