சம்பந்தி வழி

ஏழாவது ரொட்டியை எண்ணெயிலிருந்து எடுத்த ஜன்னா, எட்டாவதற்கும் மாவைத் தட்டினாள்.

"ஏழு போதும்மா, செத்தவங்களுக்கு ஏழுதான்" என்றாள் ரௌஷன்.

"தெரியும்க்கா. எங்க சிநேகிதக் கூட்டம் எட்டுப் பேருக்கே சுட்டுச் சுட்டுக் கை பழகிடுச்சு. சாகிற வரைக்கும் உங்க தம்பி, உப்பு இல்லைன்னு திட்டிக்கிட்டேதான் தின்னான்."

ரௌஷனுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. நேற்று கிசிலோர்டாவிலிருந்து ரயிலில் வந்து, தம்பி வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் முதலில் பார்த்தது குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருந்த தாளைத்தான். திங்கள் ஊசி, ஜன்னா. செவ்வாய் சூப், வேறொரு பெயர். நோயில் விழுந்த தம்பி நுர்கெனைப் பதினாலு மாதம் இந்தக் கூட்டம்தான் தாங்கியிருக்கிறது. கூடப் பிறந்தவள் போனில் 'சாப்பிட்டியா' என்று கேட்டதோடு சரி. தாளின் கடைசி வரியில் 'இரவு' என்று போட்டு, ஏழு நாளுக்கும் ஒரே பெயர் இருந்தது: பர்ஹாத்.

"நீங்கல்லாம் இல்லேன்னா என் தம்பி அனாதையாப் போயிருப்பான். இதை நான் மறக்கவே மாட்டேன்மா" என்றாள். ஜன்னா அடுப்பை அணைத்தாள்.

தம்பியின் துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு ரௌஷன் கீழே இறங்கினாள். குளிப்பாட்டுகிறவர்களுக்குச் செத்தவரின் துணியைக் கொடுப்பது முறை. மேலே கிடந்தது அந்தச் சாம்பல் ஸ்வெட்டர். போனில் வரும்போதெல்லாம் நுர்கென் அதில்தான் இருப்பான், கையை இரண்டு மடிப்பு மடித்துவிட்டுக்கொண்டு. "யாருதுடா இது, தொளதொளன்னு?" என்றால், "இங்க குளிருதுக்கா" என்பான்.

அடுக்குமாடி முற்றத்தில், ஊஞ்சலுக்குப் பக்கத்தில், விடியற்காலையிலேயே பர்ஹாத்தும் சிநேகிதர்களும் போட்டுவைத்த கம்பளிக் கூடாரம். உள்ளே நுர்கென். வாசலில் பெரியப்பா ஒராஸ்பெக், குளிப்பாட்ட யார் யார் போவது என்று விரலை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தார்.

"அப்பா வழியில ரெண்டு பேர். அம்மா வழியில ஒருத்தர். சம்பந்தி வழியில..." விரல் நின்றது. "அவன்தான் கல்யாணமே பண்ணிக்கலையே. சரி, மூணு பேரே போங்க. சொந்தம் இல்லாதவங்க உடம்பைத் தொடக்கூடாது."

பர்ஹாத் ஊஞ்சல் கம்பியைப் பிடித்தபடி நின்றான். பதினாலு மாதம் அந்த உடம்பைத் துடைத்தவன். இப்போது உள்ளே போகாவிட்டால் இனி வெள்ளைத் துணி சுற்றிய பிறகுதான் பார்ப்பான்.

இந்த விஷயத்தில் பெண்கள் பேசுவதில்லை. ரௌஷன் அந்தத் தாளின் கடைசி வரியை நினைத்துக்கொண்டாள்.

"பெரியப்பா, சம்பந்தி வழிக்கு ஆள் இருக்கு."

"யாரு?"

"பர்ஹாத்."

பெரியப்பா அவளைப் பார்த்தார். பிறகு பர்ஹாத்தைப் பார்த்தார், வெந்நீர் காய்ச்சிச் சுமந்து சிவந்திருந்த அவன் கைகளைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார்.

"வெந்நீர் ஆறிடும்" என்றார். "போப்பா."

பர்ஹாத் குனிந்து உள்ளே போனான். வாசல் கம்பளி அவனுக்குப் பின்னால் விழுந்தது. ரௌஷன் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஜன்னா மேலிருந்து ஓடிவந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

நால்வரும் வெளியே வந்ததும் பெரியப்பா மூட்டையை அவிழ்த்தார். ஒருவருக்குக் கோட்டு, ஒருவருக்குச் சட்டை, ஒருவருக்குச் செருப்பு. சாம்பல் ஸ்வெட்டரைத் தூக்கி, அளவு பார்ப்பதுபோல் பர்ஹாத்தின் மார்பில் வைத்தார்.

"உனக்குச் சரியா இருக்கும் போலிருக்கு."

"ஆமா" என்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

நனைந்த சட்டைக்கு மேலேயே போட்டுக்கொண்டான். தோள் தைத்து வாங்கினதுபோல் உட்கார்ந்தது. அப்போதுதான் ரௌஷனுக்கு அது யாருடைய ஸ்வெட்டர் என்று புரிந்தது. கை மட்டும் இரண்டு மடிப்போடு, மணிக்கட்டுக்கு மேலேயே நின்றது. மலையிலிருந்து குளிர்காற்று இறங்கிக்கொண்டிருந்தது. பர்ஹாத் மடிப்பை இறக்கிவிடவில்லை.