லலிதாம்பாளை விட்டுவிட்டுச் சுழன்ற பூமி

கொல்லம் ஆண்டு 1087 சித்திரையில், வலியசாலை அக்ரஹாரத்தில், மாலை மாற்றுவதற்காகத் தாய்மாமன் தூக்கிய நொடியில் லலிதாம்பாளை விட்டுவிட்டுப் பூமி கிழக்கே போயிற்று. தூக்கிய கைகளும், எதிரே மாலையோடு நின்ற மாப்பிள்ளை ஸ்ரீகண்டனும், பந்தலும் நாயனமும் அதோடு போயின. அவள் இருந்த இடத்திலேயே இருந்தாள். காலுக்குக் கீழே ஓட்டுக் கூரைகளும் தென்னந்தலைகளும் நகர்ந்துகொண்டிருக்க, மேலே சூரியன் அசையாமல் நின்றது. பிறகு சாலைக் கடைத்தெருவில், தாணுலிங்கம் பிள்ளையின் வற்றல் மிளகாய்க் குவியலில் இறங்கினாள். பிள்ளை எடை போடுவதை நிறுத்தவில்லை. "கல்யாணப் பொண்ணுல்லா! இங்க என்ன சோலி? முகூர்த்தம் தப்பீரும், வெரசா நட" என்றார்.

தும்மிக்கொண்டே நடந்து திரும்பியபோது, மாப்பிள்ளையின் அப்பா சாம்பசிவய்யர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பத் தயாராக நின்றார். பாடசாலை வாத்தியார் சுந்தரராமனுக்கோ ஒரே சந்தோஷம். பூமி சுற்றுவது நிஜமானால் கிளம்பிய பட்சி கூடு திரும்பாது என்று பழைய சித்தாந்திகள் ஆட்சேபித்திருக்கிறார்கள். பட்சிகளுக்கு நேராதது இந்தப் பெண்ணுக்கு நேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான், ஜாதகத்தில் தோஷமில்லை என்றார். சாம்பசிவய்யர் யோசித்தார். "பூமி சுத்தறதுன்னா சுத்திண்டு போகட்டும். எங்காத்து மாட்டுப்பொண் சுத்தப்படாது, கேட்டேளா." இரண்டு காலும் ஒரே சமயத்தில் தரையை விட்டு எழும்பக் கூடாது என்று அக்னி சாட்சியாகச் சத்தியம் வாங்கிக்கொண்ட பிறகே தாலி ஏறிற்று. மாலையை நின்றபடி மாற்றினார்கள்.

ஸ்ரீவராகத்துப் புக்ககத்தில் அவள் சத்தியத்தைக் காப்பாற்றினாள். மழைநாளில் மற்றப் பெண்கள் ஓடைத் தண்ணீரைத் தாண்டுவார்கள். அவள் அதில் இறங்கி நடப்பாள். தான் பெற்ற பெண்கள் நொண்டியடித்துப் பாண்டி ஆடும்போது கோட்டுக்கு வெளியே நின்று பார்ப்பாள். அடக்கமான மாட்டுப்பொண் என்று பெயர் வந்தது. உள்ளே அந்தச் சூரியன் நின்றுகொண்டே இருந்தது. உதித்தாச்சு, சாய்ந்தாச்சு என்று எல்லோரும் சொல்லும்போது, அது எங்கேயும் போகவில்லை, அடுப்பும் அம்மியும் தானும்தான் போய்க்கொண்டிருக்கிறோம் என்று அவளுக்குத் தெரியும். பிறந்ததிலிருந்து யாராவது அவளை எங்கேயாவது கொண்டுபோய்க்கொண்டேதான் இருந்தார்கள். அந்தச் சிறிது நேரம் மட்டும் யாரும் கொண்டுபோகவில்லை. அது இன்னொரு தரம் வேண்டும் என்று தனக்குள் சொல்லிக்கொள்ளவும் பயமாக இருந்தது. ஸ்ரீவராகத்துக்கு மேற்கே கடல்.

சாம்பசிவய்யர் காலமாகி வருஷாப்திகமும் முடிந்த பிறகு ஒரு சாயங்காலம், கொல்லையில் அவள் குதிகாலை உயர்த்தி உயர்த்தி இறக்குவதைக் கச்சேரி உத்தியோகம் முடிந்து திரும்பிய ஸ்ரீகண்டன் பார்த்தான்.

"அங்கே மேலே என்னவாக்கும் இருக்கு?"

"ஒண்ணும் இல்லை. அதுக்குத்தான்."

அவன் மேற்கே பார்த்தான். "கடல் பக்கமாச்சே. எப்போ எறங்கணும்னு தெரியுமோ?"

"தெரியாது."

உள்ளே போய் உலர்ந்த புடவை ஒன்றை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, குடையோடு மேற்கே நடக்க ஆரம்பித்தான். கடற்கரை சேர்ந்திருப்பான் என்று தோன்றியபோது அவள் குதித்தாள். ஸ்ரீவராகத்தில் விளக்கேற்றிவிட்டார்கள். அவளுக்கு மட்டும் சூரியன் கடலுக்கு ஒரு முழம் மேலே, போதும் என்று அவளுக்குப் படும்வரை நின்றது. முழங்கால் தண்ணீரில் இறங்கினாள். அவன் புடவையை நீட்டினான். இருவரும் கிழக்கே நடந்தார்கள்.

அதற்கப்புறம் அது வழக்கமாயிற்று. கக்கத்தில் புடவையோடு ஸ்ரீகண்டன் மேற்கே போவதைப் பார்த்தால், அடுத்தாத்துப் பாகீரதி வேலிக்கு மேலே தலையை நீட்டிக் கேட்பது ஒன்றுதான்:

"லலிதா, பாலை எறக்கி வச்சாச்சோ?"